வர வேண்டிய புகை

மார்ச் 4, செவ்வாய்

நாற்றுப்பண்ணை அக்காவின் பிக்கப் இன்று மறுபடியும் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. மூன்றாவது முறை. டாஷ்போர்டில் அதே மஞ்சள் விளக்கு. ஸ்கேனரைச் செருகினால் அதே வரி: பெட்ரோல் ஆவி அமைப்பில் கோளாறு. முதல் முறை டேங்க் மூடியை மாற்றினோம். இரண்டாம் முறை எஞ்சின் பக்கத்து வால்வை மாற்றினோம். இரண்டு முறையும் ஸ்கேனரில் விளக்கை அணைத்து, வண்டியைக் குளிப்பாட்டி, பளபளவென்று கையில் கொடுத்தோம். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். பிறகு ஒரு காலை நேரத்தில் அது மறுபடி எரிய ஆரம்பித்துவிடுகிறது.

அக்கா சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. "மாசக் கடைசியில புகைச் சோதனைக்குக் காட்டணும். விளக்கு எரிஞ்சா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க" என்று மட்டும் சொன்னார். சோதனையில் தேறாத வண்டியை ரோட்டில் எடுக்க முடியாது. வண்டி ஓடாவிட்டால் நாற்றுகள் பண்ணையிலேயே முற்றிப்போகும்.

தலை ஜாப் கார்டை என் கையிலிருந்து வாங்கினார். ஹெட் மெக்கானிக்கை எல்லோரும் தலை என்றுதான் கூப்பிடுகிறோம், அவர் எதிரிலேயே. கார்டில் 'புகார்' என்ற கட்டத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம். நான் பொடி எழுத்தில் ஆறு வரி எழுதியிருந்தேன்.

"என்ன டிகிரி, ஜாப் கார்டா தொடர்கதையா?"

என் பெயர் இங்கே டிகிரி. எல்லோரும் சிரித்தார்கள். ஆறு வரியையும் குறுக்கே அடித்துவிட்டு 'விளக்கு எரிகிறது' என்று எழுதினார்.

நானும் சிரித்துவைத்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 5, புதன்

அடித்த ஆறு வரியையும் இங்கே எழுதிவைக்கிறேன். இதில் அடிக்க யாரும் இல்லை.

பங்கில் பெட்ரோல் போடும்போது குழாய் இரண்டு லிட்டருக்கு ஒரு தடவை 'டக்' என்று நின்றுவிடுகிறது. பங்க்காரர் அக்காவைத் திட்டுகிறார், பின்னால் நிற்கிற வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். மூடியைத் திறந்தால் வண்டி பெருமூச்சு விடுவது போல ஒரு சத்தம். இதெல்லாம் ஆரம்பித்து நாலு மாதம் இருக்கும். அதற்கு முன்னால் இல்லை.

பெருமூச்சு உள்ளே இழுப்பதா, வெளியே விடுவதா? அதைக் கேட்காமல் விட்டேன். ஆறு வரி எழுதத் தெரிந்தவளுக்கு ஏழாவது கேள்வி கேட்க வாய் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். என் ஆறு மாதப் பயிற்சி 31-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குப் பிறகு எனக்கு என்ன என்று அவரே முடிவு செய்துவைத்திருந்தார். முன் மேசை. வருகிற வண்டிகளுக்குக் கார்டு போடுவது, போன் எடுப்பது, பில் அடிப்பது.

"படிச்ச பொண்ணு. எண்ணெயில புரளணும்னு உனக்கென்ன தலையெழுத்து?"

அந்தப் படிப்பே எண்ணெயில் புரளுவதற்கான படிப்பு சார் என்று சொல்ல நினைத்தேன். தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாத ஆட்டல். அவர் ஆமா என்று எடுத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, அந்த பிக்கப்பைத் தலையோடு சேர்ந்து நீயும்தானே பார்க்கிறாய், அது சரியாகிப் போய்விட்டால் பே-யில் வைத்துக்கொள்வது பற்றி யோசிக்கலாம் என்றார். பே என்பது வண்டி ஏற்றும் இடம். என் இடம்.

"இன்னொரு தடவை திரும்பி வந்துச்சுன்னா பேச்சே கிடையாது. மேசைதான்."

வீட்டில் சொன்னேன். தப்பு செய்துவிட்டேன். அப்பாவுக்கு 'மேசை' என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. அப்பா கட்டடங்களில் கம்பி கட்டுகிறவர். முப்பது வருடம். உள்ளங்கையைக் கழுவினாலும் துரு நிறம் போகாது. "இரும்பு நாத்தம் என்னோட போகட்டும்மா. நீ ஏசியில உக்காரு" என்றார். அம்மாவுக்கு வேறு சந்தோஷம்: "உன் சட்டையத் துவைக்கிறதுக்கு எனக்கே தனிச் சம்பளம் போட்டுத் தரணும். அது மிச்சம்."

எனக்கு அந்த நாற்றம் பிடிக்கும் என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது? இந்த வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான். இவர்கள் பட்ட பாடெல்லாம் என் கையில் கரி ஒட்டாமல் இருப்பதற்காக. நான் என்னடாவென்றால் கரியைத் தேடிப் போகிறேன்.

மேசைக்குப் போக மாட்டேன். இங்கே எழுதிவைக்கிறேன். போக மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

எனக்காக ஒரு முறை தெளிவாக எழுதிப் பார்க்கிறேன்.

டேங்கில் இருக்கும் பெட்ரோல் சூட்டில் ஆவியாகும். அது வெளியே போனால் காற்று கெடும். அதனால் அந்த ஆவியைக் கரி நிரப்பிய ஒரு பெட்டிக்குள் விடுகிறார்கள். கேனிஸ்டர். கரி அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது முன்பக்கத்து வால்வு திறந்து, பிடித்துவைத்த ஆவியை எஞ்சினுக்குள் இழுத்து எரித்துவிடும். இழுத்த இடத்துக்குப் புதுக் காற்று வர வேண்டுமே? அதற்குக் கேனிஸ்டர் பக்கத்தில் வென்ட் வால்வு என்று இன்னொன்று, அதிலிருந்து பின்சக்கரத்துக்கு மேலே போகிற ஒரு குழாய். அந்த வால்வு எப்போதும் திறந்தே இருக்கும். எங்காவது கசிகிறதா என்று வண்டியின் கம்ப்யூட்டர் சோதிக்கிற சில நிமிடங்கள் மட்டும் மூடிக்கொள்ளும்.

வண்டிக்கு ஒரு மூக்கு, அவ்வளவுதான். பரீட்சையில் இது இரண்டு மார்க் கேள்வி. இரண்டு மார்க்கும் வாங்கினேன். ஆனால் அந்த மூக்கைத் தொட்டுப் பார்த்ததில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று புகை மெஷின் வைத்தார்கள். குழாய்களுக்குள் மெல்லிய வெள்ளைப் புகையை அனுப்பும் பெட்டி அது. எங்கே ஓட்டையோ அங்கே நூல் மாதிரி புகை வரும். பிக்கப்பை லிஃப்டில் தூக்கி, முன்பக்கம் எஞ்சின் அருகே புகையைச் செருகினார் தலை. ஸ்கேனர் என் கையில். அவர் டார்ச்சோடு வண்டியின் அடிவயிற்றை முன்னிருந்து பின்னாகப் பார்த்துக்கொண்டே போனார். மூடி, டேங்க், கேனிஸ்டர், பின்சக்கரம். எங்கேயும் புகை இல்லை.

"கசிவே இல்ல. அப்போ கேனிஸ்டர்தான் உள்ளுக்குள்ள போயிருக்கு. புதுசு வரச்சொல்லு" என்றார்.

மெஷினைச் சுருட்டி வைத்த பிறகுதான் கையிலிருந்த ஸ்கேனரைப் பார்த்தேன். 'வென்ட் வால்வு: திறந்துள்ளது.'

கசிவு தேடும்போது அந்த வால்வை ஸ்கேனரிலிருந்து மூட வேண்டும். மூடும் பொத்தான் என் கட்டைவிரலுக்குக் கீழேதான் இருந்தது. அவர் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். நான் அழுத்தியிருப்பேன் என்று அவர் நினைத்திருக்கிறார். இருவரில் ஒருவர் வாயைத் திறந்திருந்தால் போதும்.

கழிவறையில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். ஆறு மாதத்தில் எனக்குக் கொடுத்த ஒரே முக்கியமான வேலை, ஒரு பொத்தான். அதையும் கோட்டை விட்டாச்சு. மூதேவி. வாய் எதுக்கு இருக்கு உனக்கு, சோறு திங்கவா?

அதே நாள், பஸ்ஸிலிருந்து இறங்கியதும்

இல்லை, இல்லை, ஒரு நிமிஷம்.

வால்வு திறந்திருந்தது. மூக்கு திறந்திருந்தது. அப்படியென்றால் உள்ளே அனுப்பிய புகை அந்த வழியாகக் குபுகுபுவென்று வெளியே வந்திருக்க வேண்டும். பின்சக்கரத்துக்கு மேலே, தலையின் மூஞ்சியிலேயே அடித்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏன் வரவில்லை?

பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு இதை யோசித்ததில் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, நடந்து வந்தேன். கால் வலிக்கவே இல்லை.

மார்ச் 12, புதன்

காலையிலேயே தலையிடம் சொன்னேன். பொத்தானை அழுத்தாதது என் தப்பு என்பதை முதலில் சொன்னேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவர் முதல் பாதியை மட்டும் கேட்டார்.

"அப்ப நேத்து வச்ச டெஸ்டே செல்லாது. அடிச்சுச் சொல்றேன் டிகிரி, இதுக்குத்தான் மேசை நல்லது."

திறந்திருந்தால் புகை வந்திருக்கணுமே தலை, அடைப்பு ஏதாவது இருந்தால்... என்று இழுத்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேனர் ஆவி அமைப்பு என்று காட்டினால் கசிவு, கசிவு இல்லையென்றால் கேனிஸ்டர், இருபது வருடமாக இப்படித்தான் என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டார். கேனிஸ்டர் மதியம் வந்துவிட்டது.

மார்ச் 13, வியாழன்

கேனிஸ்டர் மாற்றியாச்சு. பெட்டி புதிது. அதிலிருந்து பின்சக்கரத்துக்கு மேலே போகும் குழாய் பழையது. கழற்றிய மாதிரியே மாட்டினார். விளக்கை அணைத்தார். வண்டி வாஷிங் பக்கம் போனது.

எங்கள் வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் இருக்கிறது: 'குளிக்காமல் எந்த வண்டியும் வெளியேறாது.' முதலாளியின் சொந்த வாசகம். வேறெந்த ஒர்க்‌ஷாப்பிலும் இல்லாத மரியாதை என்பார். கூரையிலிருந்து அடிவயிறு வரை, நீல ஷாம்பு போட்டு, அழுத்தத் தண்ணீரில். அந்த வேலைக்கென்றே குழாய் அண்ணன் இருக்கிறார். அவர் தண்ணீர் அடிக்கும்போது பார்க்க வேண்டும், அவ்வளவு பிரியம். சேறும் நாற்று மண்ணுமாக வந்த பிக்கப் மாப்பிள்ளை மாதிரி கிளம்பியது.

'பழுது பார்த்தவர்' கட்டத்தில் தலையின் கையெழுத்து. பயிற்சியில் இருப்பவர்கள் அதில் எழுதக் கூடாது.

மார்ச் 14, வெள்ளி

அக்காவுக்குப் போன் செய்தேன். எண்ணை மூன்று தடவை அழுத்தி இரண்டு தடவை கட் பண்ணிவிட்டேன். என்ன கேட்க வேண்டும் என்பதைத் துண்டுத்தாளில் எழுதிவைத்துப் படித்தேன். பெருமூச்சு உள்ளே இழுக்கிறதா, வெளியே விடுகிறதா?

"உள்ளேதாம்மா இழுக்குது. தாகத்துல இருக்கறவன் மடக்மடக்னு குடிக்கிற மாதிரி."

உள்ளே இழுக்கிறது. ஆக, டேங்குக்குக் காற்று போகவில்லை. மூச்சுத் திணறுகிறது அந்த வண்டி.

மார்ச் 17, திங்கள்

ஏன் ஒவ்வொரு முறையும் ஒரு வாரம் நன்றாக ஓடுகிறது என்பதும் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் தன் சோதனையை நினைத்த நேரத்தில் செய்யாது. எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். டேங்க் நிறைந்தும் இருக்கக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. அக்கா எப்போதும் டேங்கை முட்ட முட்ட நிரப்புகிறவர். அது பாதிக்கு இறங்க ஒரு வாரம். அதுவரை சோதனையே நடக்காது. சோதனை நடக்காத வண்டியில் விளக்கு எப்படி எரியும்?

நாங்கள் ஒவ்வொரு தடவையும் விளக்கை அணைத்துவிட்டு, சரிசெய்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டோம். பரீட்சை ஆரம்பிக்கும் முன்பே பாஸ் என்று போட்டுக்கொண்ட மாதிரி.

மார்ச் 21, வெள்ளி

வந்துவிட்டது. நான்காவது தடவை.

முதலாளி என்னைப் பார்த்தார். முன் மேசையின் நாற்காலியை ஒரு தடவை இழுத்துச் சரியாகப் போட்டார்.

தலை டேங்கையே இறக்கப் போகிறாராம், திங்கட்கிழமை.

திங்கள் வரை எனக்கு நாளை ஒரு நாள் இருக்கிறது. அப்பாவின் பையிலிருந்து கட்டுக்கம்பி ஒரு முழம் எடுத்து வைத்திருக்கிறேன். மெல்லியது, வளைத்தால் வளையும், உடையாது. கேட்காமல் எடுத்தேன். கேட்டால் எதற்கு என்பார்.

மார்ச் 22, சனி

சாப்பாட்டு நேரம். பே-யில் யாரும் இல்லை. யாரிடமும் கேட்கவில்லை.

பிக்கப்புக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, இடது பின்சக்கரத்துக்கு மேலே கையை விட்டேன். வண்டியின் இரும்புச் சட்டத்துக்குள் ஒளிந்திருந்தது அந்தக் குழாயின் வாய். கேனிஸ்டர் பக்கம் கழற்றி வாயை வைத்து ஊதினேன். கன்னம்தான் உப்பியது. காற்று ஒரு துளி போகவில்லை. காது அடைத்துக்கொள்கிற வரை ஊதினேன். சுவரில் ஊதுவது போல இருந்தது.

கட்டுக்கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டேன். முதலில் பொடிப்பொடியாக மண். பிறகு ஒரு கட்டி, என் சுண்டுவிரல் நீளம், கெட்டியாக, குழாயின் வளைவு அப்படியே பதிந்து வந்தது. வாயிலும் கண்ணிலும் கொட்டியது. துப்பிவிட்டுப் பார்த்தேன்.

மண் செம்மண். உள்ளே கோடு கோடாக நீலம்.

மோந்து பார்த்தேன். பொய் எலுமிச்சை வாசனை. குழாய் அண்ணனின் ஷாம்பு.

படுத்தபடியே கொஞ்ச நேரம் கிடந்தேன். நாற்று மண் தானாக அவ்வளவு உள்ளே போகாது. யாரோ அழுத்தி அடித்து உள்ளே ஏற்றியிருக்க வேண்டும். அக்கா எங்களிடம் வண்டி விட ஆரம்பித்தது எப்போது? எழுந்து போய்க் கார்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். நவம்பர். நாலு மாதம். அப்போது வந்தது பிரேக் பார்க்க மட்டும். பிரேக் பார்த்தோம், குளிப்பாட்டினோம்.

அந்த வண்டிக்கு எந்த நோயும் இல்லை. நாங்கள் குளிப்பாட்டியே மூச்சை அடைத்திருக்கிறோம். ஒவ்வொரு தடவை சரிசெய்த பிறகும் மறுபடி அடைத்து அனுப்பியிருக்கிறோம்.

சாப்பிட்டு வந்த தலையிடம் கட்டியைக் காட்டினேன். உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அவர் அதை எடுத்து, உடைத்து, மோந்து பார்த்தார். ரொம்ப நேரம் விரலில் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"நம்ம நீலம்" என்றார். அப்புறம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கேனிஸ்டர் செட் ஆக நாளாச்சு, இப்ப சரியாயிடுச்சுன்னு கார்டுல எழுதிக்கோ. உனக்கும் நல்லது, எல்லாருக்கும் நல்லது" என்றார்.

எழுத மாட்டேன் என்றேன்.

கம்ப்ரஸர் ஓடவில்லை. கேட்டிருக்கும்.

மார்ச் 24, திங்கள்

முழுதாக எழுதிவிடுகிறேன், மறக்கும் முன்.

காலையில் புகை மெஷினை மறுபடி வைத்தோம். தலையே கொண்டுவந்தார். வால்வைத் திறந்தே வைத்தேன். பின்சக்கரத்துக்கு மேலிருந்து புகை அடித்துக்கொண்டு வந்தது. பிறகு பொத்தானை அழுத்தினேன். யாரும் சொல்லவில்லை, நானே அழுத்தினேன். புகை நின்றது. வேறெங்கும் கசிவு இல்லை. தலை தலையாட்டினார், அவ்வளவுதான்.

டேங்க் இறக்கவில்லை. வண்டி தயார். வண்டியை வாஷிங்குக்கு விடச் சொல்லி முதலாளி அறைக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

நான் ஓடினேன். குழாய் அண்ணன் துப்பாக்கி மாதிரி குழாயைத் தூக்கிவிட்டார். இடது பின்சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"தள்ளும்மா."

மாட்டேன் என்று தலையசைத்தேன்.

"முதலாளி ரூல்மா. குளிக்காம அனுப்பினா என்னைக் குளிப்பாட்டிருவாரு."

நகரவில்லை. அவர் பயமுறுத்துவதற்காகத் தரையில் அடித்தார். ஷூ நிறைந்தது. முழங்கால் வரை அடித்தார். பேண்ட் ஒட்டிக்கொண்டது. ஒர்க்‌ஷாப்பே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. யாரோ, டிகிரிக்கும் சேர்த்து ஷாம்பு போடுங்கண்ணே என்றார்கள். நடுங்கிக்கொண்டுதான் நின்றேன், ஆனால் நின்றேன். கடைசியில் அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு, "என்னதான்மா வேணும் உனக்கு?" என்றார். ரொம்ப நொந்துபோய்க் கேட்டார், பாவம்.

முதலாளி வெளியே வந்தார். அதே நேரம் வாசலில் அக்கா. தன் வண்டியைப் பார்த்தார், புழுதியோடு நிற்கிறது. என்னைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நிற்கிறேன்.

"என்னாச்சு, வண்டிக்குப் பதிலா பொண்ணைக் கழுவிட்டீங்களா?"

முதலாளி சிரித்தார். கேனிஸ்டர் செட் ஆகிவிட்டது, இனிமேல் வராது என்று ஆரம்பித்தார்.

அப்போது என் வாய் திறந்தது. நான் திறக்கவில்லை, அது திறந்தது.

"அக்கா, இதை நாங்கதான் கெடுத்தோம்."

பையிலிருந்து மிச்சக் கட்டியை எடுத்துக் கொடுத்தேன். எங்கே இருந்தது, எப்படிப் போனது, ஏன் நீலம் என்று சொன்னேன். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப மூடி, வால்வு, பெட்டி எல்லாம்?"

"பழசே நல்லாத்தான் இருந்துச்சு அக்கா."

அக்கா முதலாளியைப் பார்த்தார். குரலை உயர்த்தவேயில்லை. "இந்தப் பொண்ணு இப்ப சொன்னதை அது கையாலயே கார்டுல எழுதிக் குடுங்க. மாத்தின சாமான் பத்தி நாம அப்புறம் பேசிக்கலாம்."

எழுதினேன். 'காரணம்: எங்கள் வாஷிங்கில் காற்றுக் குழாய் அடைபட்டது.' ஈரக் கையால் எழுதியதில் மை கொஞ்சம் பரவிவிட்டது. ஆனால் படிக்க முடியும். அக்காவிடம், ஒரு வாரத்துக்கு டேங்கைப் பாதியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், காலையில் ஆறிய எஞ்சினோடு கிளப்புங்கள், புகைச் சோதனைக்கு முன்னால் கம்ப்யூட்டர் தன் சோதனையை முடித்துக்கொள்ளட்டும் என்றேன்.

வண்டி குளிக்காமல் வாசலைத் தாண்டியது. போர்டுக்குக் கீழேதான் போனது.

மார்ச் 25, செவ்வாய்

31 வரை காத்திருக்க வேண்டாமாம். இன்றிலிருந்தே மேசை.

வேலையை விட்டு அனுப்பவில்லை. ஏன் என்று தெரியவில்லை. விலகிப் போவேன் என்று எதிர்பார்க்கிறாரோ என்னவோ. எதிர்பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

மார்ச் 29, சனி

ஏசி குளிர்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஏறி இறங்குவது தெரிகிறது, சத்தம் கேட்பதில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

அக்கா போன் செய்தார். வண்டி நேற்றே புகைச் சோதனையில் தேறிவிட்டதாம். பெட்ரோல் போடும்போது குழாய் ஒரு தடவைகூட நிற்கவில்லையாம், பங்க்காரர் இன்னும் திட்டுகிறாராம். "அது அவரு சுபாவம்மா, அந்த அடைப்பை எடுக்க உங்கிட்ட கம்பி இருக்கா?"

மேசையில் இருந்தபடியே சத்தமாகச் சிரித்துவிட்டேன். முதலாளி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். நான் சிரிப்பை நிறுத்தவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

அப்பா என் கையைத் திருப்பிப் பார்த்தார். "நகமெல்லாம் பளிச்சுனு இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி எடுத்ததையும். அவருக்கு வண்டி பற்றி ஒன்றும் தெரியாது. மண் கட்டி வளைவு மாறாமல் வந்ததைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, கொக்கியை எந்தப் பக்கமாக வளைத்தாய் என்று கேட்டார். காட்டினேன். அப்படி வளைத்தால் பாதியில் நழுவும் என்றார்.

ஏப்ரல் 5, சனி

மேசையில் உட்கார்ந்தால் என்ன? வண்டிக்காரர்கள் முதலில் பேசுவது என்னிடம்தான்.

இன்றிலிருந்து பெட்ரோல் பிக்கப் எது வந்தாலும் ஒரு கேள்வி கேட்கிறேன்: பங்கில் குழாய் நின்று நின்று போகிறதா? கேட்கும் முன் இன்னும் துண்டுத்தாளை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். ஆனால் கேட்கிறேன். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதுகிறேன். இரண்டு வரி இடம் போதாவிட்டால் பின்பக்கம் திருப்பி எழுதுகிறேன்.

ஏப்ரல் 9, புதன்

ஒன்று கிடைத்தது. தண்ணீர்க் கேன் போடுகிறவரின் பிக்கப். ஆமாம்மா, மூணு மாசமா நின்னு நின்னுதான் போகுது, பங்கு சரியில்லைன்னு பங்கை மாத்திட்டேன் என்றார். அதற்கு முன்னால் இங்கே நான்கு தடவை குளித்திருக்கிறது.

ஏப்ரல் 14, திங்கள்

இன்னும் இரண்டு. ஒன்றில் விளக்கே எரிய ஆரம்பிக்கவில்லை. மூடியைத் திறந்தால் காற்றை உள்ளே இழுக்கிறது என்று கார்டின் பின்பக்கம் எழுதி, தலையின் லிஃப்டுக்கு அனுப்பினேன். அடித்துவிடுவார் என்று நினைத்தேன். மாலையில் கார்டு திரும்பி வந்தபோது வரிகள் அப்படியே இருந்தன. ஒரு வார்த்தைக்குக் கீழே கோடு போட்டிருந்தார்: 'உள்ளே.'

ஏப்ரல் 17, வியாழன்

ஒருவர் வந்தார். செங்கல் ஏற்றுகிற பிக்கப். முதலாளியே எதிரில் நின்று வரவேற்றார். அவர் முதலாளியைத் தாண்டி என்னைப் பார்த்து, "நாற்றுப்பண்ணைம்மா அனுப்பினாங்க. இங்க உள்ளதை உள்ளபடி சொல்ற பொண்ணு ஒண்ணு இருக்காமே, அதுதான் என் வண்டியப் பாக்கணும்" என்றார்.

முதலாளி அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தலையை உள்ளே கூப்பிட்டார். கதவு சாத்தியிருந்தது. கண்ணாடி வழியாக அவர்கள் வாயசைவது தெரிந்தது, அரை மணி நேரம் எதுவும் கேட்கவில்லை. அந்தக் கண்ணாடியை இந்த மூன்று வாரத்தில் இன்றுதான் அதிகம் வெறுத்தேன்.

ஏப்ரல் 19, சனி

வாஷிங் சுவரில் சாக்பீஸில் எழுதியிருக்கிறது: 'பிக்கப் — பின்சக்கரத்துக்கு மேலே அடிக்காதே.' தலையின் கையெழுத்து. 'காதே' கீழே சரிந்து போயிருக்கிறது.

குழாய் அண்ணன் அதைக் காட்டி, "உன்னால இப்ப நான் படிச்சுப் படிச்சுக் குளிப்பாட்ட வேண்டியிருக்கு" என்றார். வாசல் போர்டு அப்படியேதான் இருக்கிறது. அதை அவ்வளவு சீக்கிரம் இறக்க மாட்டார்.

போகும்போது முதலாளி, மேசைக்கு வேறு ஆள் பார்த்திருப்பதாகச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், சாவிக் கொத்தைப் பார்த்துக்கொண்டு.

"லிஃப்டுல கைய நசுக்கிக்கிட்டு எங்கிட்ட வந்து அழக் கூடாது."

அழ மாட்டேன் சார் என்றேன். நேராகப் பார்த்துச் சொன்னேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஷூவை வெயிலில் வைத்தேன். அந்த நாளின் தண்ணீர் இன்னும் காயாத மாதிரி ஒரு வாடை. அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் ஆரம்பிச்சாச்சா, என் சம்பளப் பாக்கியை யார் தருவா என்றாள். பழைய சட்டையை எடுத்து, கழுத்துப் பட்டியை அவளே தைத்துக் கொடுத்தாள்.

சாப்பாட்டுப் பையில் ஏதோ குத்தியது. மூன்று துண்டு கட்டுக்கம்பி. மூன்றின் நுனியும் வளைத்திருந்தது, நான் வளைத்ததற்கு எதிர்ப்பக்கமாக.

அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது அப்படிப் படுத்திருந்தார்.

ஏப்ரல் 21, திங்கள்

செங்கல் பிக்கப். அடைப்பு முழுதாகவே வந்துவிட்டது, ஒரே இழுப்பில். அப்பாவின் வளைவு நழுவவில்லை.

தலை கார்டைக் கொடுத்தார். புகார் கட்டத்தில் எட்டு வரி, என் எழுத்து, அடிக்காமல். 'பழுது பார்த்தவர்' கட்டம் காலியாக இருந்தது. பேனாவையும் நீட்டினார்.

அப்பாவின் முதலெழுத்தோடு என் பெயரை முழுதாக எழுதினேன். கட்டம் போதவில்லை. கடைசி இரண்டு எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது.

போகட்டும்.